சிப்காட் ரோட்டில் சைக்கிள்

ஓசூர்
3.2.2025, காலை

அன்பு ரேவதிக்கு,

போனில் பேசினால் சண்டையாகிறது என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதி, உன் தலையணை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். நான் வரும்போது நீ தூங்குகிறாய், நீ கிளம்பும்போது நான் தூங்குகிறேன். நல்ல குடும்பம் நடத்துகிறோம்.

சைக்கிளை விட்டுவிடு. கம்பெனி பஸ்ஸில் போ. நமக்குக் கல்யாணமான புதிதில் இந்த ரோடு இப்படியா இருந்தது? இந்த வாரம் மட்டும் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று சைக்கிள் விபத்துப் படம் வந்துவிட்டது. எனக்கு வேலையே ஓடவில்லை.

உன் திருமலை

3.2.2025, மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

படித்துச் சிரித்தேன். மூன்றில் ஒரு படம் எந்த ஊர் என்றே தெரியவில்லை, இன்னொன்று போன வருஷத்தது. முன்பும் விழுந்தார்கள், படம் எடுத்து அனுப்பத்தான் ஆள் இல்லை. பஸ் என்றால் இன்னும் அரை மணி முன்னதாக எழ வேண்டும். அந்த அரை மணி உங்கள் பக்கத்தில் தூங்குகிறேனே, அது பொறுக்கவில்லையா? கத்தரிக்காய்க் குழம்பைச் சூடு செய்து சாப்பிடுங்கள்.

உங்கள் ரேவதி

5.2.2025

அன்பு ரேவதிக்கு,

எங்கள் கம்பெனி வாட்ச்மேன் கங்கப்பனிடம் கேட்டேன். முன்பு ஸ்டாண்டில் இருநூறு சைக்கிள் நிற்குமாம், வருஷத்தில் இரண்டு பேர் அடிபடுவார்களாம். இப்போதும் இரண்டு பேர்தான். ஆனால் நிற்பது ஒன்பதே சைக்கிள். இதற்கு என்ன சொல்கிறாய்?

நேற்று மதியம், இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று இரண்டு பத்து வரை காத்திருந்தேன். நீ வரவில்லை. அப்புறம் பறந்து போய்த்தான் இரண்டரை ஷிப்டைப் பிடித்தேன். சைக்கிளை விற்றுவிடலாம்.

திருமலை

6.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கங்கப்பன் கணக்கு சரி. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

முந்தாநாள் வேலை முடிந்து வரும்போது, பஸ்ஸை முந்துவதற்காக ஒரு பைக் என் பக்கமே ஏறி வந்தது. மண்ணில் இறங்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்துவிட்டது. "ஏய், ஓரமா போவ மாட்டியா, கண்ணு தெரியலயா?" என்று கத்திவிட்டு அவர் நிற்காமல் போனார். தூசிக்காக முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தேன், அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும், மாமா.

எனக்காகக் காத்திருந்து லேட்டானது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. கோபமில்லை, அழுகைதான் வந்தது. சைக்கிளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

ரேவதி

8.2.2025

என் ரேவதிக்கு,

உன்னைத் தள்ளிவிட்டவன் நான்தான். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. நீ தூங்கும்போது முழங்கைக்கு மருந்து போட்டேன், நீ அசையவில்லை.

நேற்று எதிர்வீட்டு மெஹபூப் பாஷாவின் சைக்கிளில் வேலைக்குப் போனேன். ஓரமாகத்தான் போனேன். அப்படியும் மூன்று பேர் ஓரம் போகச் சொல்லித் திட்டினார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பயம் எனக்கும் போகவில்லை. ஆனாலும் சைக்கிளை விற்க வேண்டாம். இனி வீட்டில் காத்திருக்க மாட்டேன். ஒன்றரைக்கே கிளம்பி, பைக்கை மெதுவாக ஓட்டி வந்து, உன் கம்பெனி கேட்டில் நிற்கிறேன். இரண்டு நிமிஷம் என்னோடு பேசிவிட்டுப் போ.

உன் திருமலை