நெல் தளத்தில் எறிந்த பந்து

முரசுமோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் அன்பு மகள் சாரங்காவுக்கு,

அப்பாவும் அம்மாவும் இங்கே நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது குறை சொல்கிறது, எண்ணெய் பூசி வருகிறோம். உன் கணுக்கால் வீக்கம் வற்ற வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அடிபடாமல் விளையாட வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமையும் புளியம்பொக்கணைக் கோயிலில் நாகதம்பிரானிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். கோபம் இருந்தும் அதைச் சொல்லாமல் வர முடியவில்லை. கடிதத்தைக் கண்டு பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போனில் நான் இந்தக் கதையைத் தொடங்கினால் "பிறகு கதைக்கிறன் அப்பா, பிரக்டிஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் மேசையில் கிடக்கும், மனம் வந்தபோது எடுத்து வாசிக்கலாம்.

உனக்குப் பதினாறு வயதில் நீ என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இந்தக் கிழமை முழுவதும் என் காதுக்குள்ளேயே நிற்கிறது. கொழும்பில் கூடைப்பந்துக்குப் பாடசாலை அணிகளில் இருந்து பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள், நீ போயிருந்தாய், முதல் நாள் எறிந்த பந்து ஒன்றும் விழவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் போனை வாங்கி அழுது அழுது கேட்டாய், "அப்பா, ஊரில எறியிற மாதிரித்தானே எறியிறன், இஞ்ச ஏன் எல்லாம் வளையத்தின்ர முன்பக்கத்தில பட்டுத் திரும்புது?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை, கணித வாத்தியார் என்பது பெயருக்குத்தான். விடிந்ததும் மேசன் சுதாகரனைக் கூட்டிக்கொண்டு நம் கமக்கார அமைப்பின் நெல் தளத்துக்குப் போனேன். டவுன் மைதானத்துக்குப் போனால் பின்னேரம் திரும்பி வர பஸ் இல்லை என்று நீங்கள் எல்லோரும் நெல் காயப்போடுகிற அந்தச் சீமெந்துத் தளத்தில்தானே பந்தடித்துப் பழகினீர்கள். சுதாகரன் தண்ணீர் விட்ட மட்டக்குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "சேர், மழைத்தண்ணி வழிஞ்சு போகவேணும் எண்டு நடுவை உயர்த்தித்தானே நெல்லுத் தளம் போடுறது, நீங்கள் அந்தச் சரிவில கம்பத்தை நட்டுப்போட்டு இப்ப வந்து அளக்கிறியளே" என்றான். அப்போதுதான் விளங்கியது. வளையத்தின் உயரத்தை நாங்கள் கம்பத்தின் அடியில் இருந்து அளந்திருக்கிறோம், கம்பம் நிற்பது பள்ளத்தில், எறிகிற பிள்ளை நிற்பது மேட்டில். உன் கைக்கு வளையம் என்றைக்கும் ஒரு சாண் பணிந்தே இருந்திருக்கிறது. சமதரையில் அதே வீச்சு வளையத்துக்கு எட்ட எப்படிக் காணும்? அதை உனக்குச் சொன்னேன், நீ அங்கே இருந்த பயிற்றுநருக்குச் சொன்னாய், அந்தச் சிங்கள அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் எறிந்து பழகிக்கொண்டு வா என்று விட்டார். மூன்றாம் நாள் உன்னை எடுத்தார்கள். அவர் அன்றைக்குத் தன் வேலையைச் சுருக்கமாக முடிக்க நினைத்திருந்தால் நீ அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருப்பாய்.

உன் அண்ணன் பிரதாபனின் பழைய சைக்கிள் நினைவிருக்கும். விழுந்து கைப்பிடி ஒரு பக்கம் வளைந்துபோய், வருசக் கணக்காக அப்படியே ஓடினான், அவனுக்கு நேராகப் போக இடது கையை இழுத்துப் பிடிக்க வேணும். புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்று அதே மாதிரி இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வளவு வீரகத்தியண்ணையின் வேலிக்குள் விழுந்தான். அன்றைக்கு யாராவது அவனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று சொன்னோமா? நீதான் முதலில் சிரித்து, "அவனுக்கு நல்லா ஓடத் தெரியும், சைக்கிள்தான் புதுசு" என்றாய். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு இப்போதே விளங்கியிருக்கும்.

பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து நடத்துகிற தேசிய கூடைப்பந்து லீக் வருகிறது, அதில் வன்னி மயில்கள் என்று ஓர் அணி, அதற்கு நீ தலைவி என்று கேட்ட அன்று அம்மா பயித்தம் பணியாரம் சுட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கொடுத்து அனுப்பினார். பிறகு அணியை நடத்துகிற கம்பனியின் வான் வந்தது, பிள்ளைகளுக்கு நீல ஜேர்சி கொடுத்தார்கள், குவித்து வைத்த நெல்லுக்கு மேலால் ரஜிதா பந்தோடு பாய்வது போலப் படம் எடுத்தார்கள். பேச்சியம்மாவின் மகள் ரஜிதாவை உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை, நீ போன பிறகு அந்தத் தளத்தில் உன்னைப் போல எறிகிற ஒரே பிள்ளை என்று நீயே சொன்னாய். தாய் மலையகத்தில் இருந்து வந்து நம் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டு வளர்த்த பிள்ளை. தெரிவுக்குப் போகிற ஐந்து பேரில் அவளுக்கு அணியில் இடம் நிச்சயம் என்றும் நீதான் சொன்னாய்.

நான் அன்றைக்கே உன்னிடம் கேட்டேன், தளத்துச் சரிவைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைக்கட்டுமா என்று. நீ என்ன சொன்னாய்? "ஒண்டும் சொல்லாதேங்கோ அப்பா, சும்மா யோசிச்சுக் குழம்புவினம். முதல் நாள் நான் அவையளைச் சமதரையில தனிய எறிய விடுறன், கை பழகின பிறகுதான் தெரிவு. நான் அங்க இருக்கிறன்தானே." நீ அங்கே இருக்கிறாய் என்பதே எனக்குப் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கிழமை காலபோக நெல் வெட்டு. மெசினில் வெட்டிய ஈர நெல் வந்து குவிகிற நேரம், தளத்துக்கு ஆளுக்கு ஆள் அடிபடுகிற நேரம். நம் ஊர் ஏற்பாடு உனக்குத் தெரியும், வெயில் இறங்கும் வரைக்கும் தளம் நெல்லுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, மழை இருட்டினால் பிள்ளைகளே ஓடி வந்து நெல்லைக் கூட்டிப் படங்கு இழுத்து மூடுவார்கள். இந்த முறை வீரகத்தியண்ணை, பிள்ளைகள் கொழும்புக்குப் போகும்வரை தளம் முழுநாளும் அவர்களுக்கே இருக்கட்டும் என்று தன் நெல்லை வீதியோரம் கொண்டுபோய்ப் பரப்பினார். மனைவி ஏசியதற்கு, "வருசா வருசம் நெல்லு விளையும், எங்கட ஊர்ப் பிள்ளை ரீவியில விளையாடுறது எப்பவும் வருமோ" என்றாராம். மூன்றாம் நாள் மழை வந்து வீதியில் கிடந்தது நனைந்துபோனது. பிள்ளைகள் திரும்பி வந்த பிறகுதான் சந்தையில் என்னைக் கண்டு சொன்னார், "மாஸ்ரர், என்ர நெல்லு ஈரம் எண்டு மில்காரன் கழிச்சான், பிள்ளையளை எங்கட சாரங்காத் தங்கச்சி கழிச்சுப்போட்டா. ரெண்டையும் ஒருநாள் வெயில்ல போட்டிருந்தாச் சரி வந்திருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மரக்கறி வாங்கத் தோன்றவில்லை, வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

கொழும்பில் பஸ்ஸில் இருந்து இறங்கிய பிள்ளைகளை முகம் கழுவக்கூட விடாமல் நேரே தெரிவுக்குக் கொண்டுபோனார்களாம். தனியாக எறிந்து பழக ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நீ அங்கே கம்பனியின் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு நின்றாயாம். ரஜிதாவின் பந்து எல்லாம் வளையத்தின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்பியதாம், உனக்கு நடந்தது போலவே, ஒரு மாற்றமும் இல்லாமல். அவள் உன்னிடம் வந்து, "அக்கா, இன்னொருக்கா எறியட்டே, எனக்கு இண்டைக்கு என்னவோ செய்யுது" என்று கேட்டாளாம். நீ போனைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வருசம் பாப்பம் ரஜிதா" என்றாயாம். அதற்குப் பிறகு ரீவிப் பேட்டியில், வன்னிப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறது, அடிப்படைதான் காணாது என்று நீ சொன்னதை நானும் அம்மாவும் கதிரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அம்மா ரீவியை நிறுத்திவிட்டு, "எங்கட வீட்டுப் பிள்ளைதானே கதைச்சது?" என்று என்னைக் கேட்டார், தெரியாமல் கேட்பவர் மாதிரி.

பேச்சியம்மா வீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்க வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சார், நம்ம புள்ளைக்கு கை சரியில்லைன்னுட்டாங்களாம், நீங்க கணக்கு வாத்தியாரு, எங்க பெசகிச்சுன்னு பாத்துச் சொல்லுங்க, அது ராவும் பகலும் தன் கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு" என்றார். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. அன்று பின்னேரம் ரஜிதாவைத் தளத்துக்குக் கூட்டிப் போய், ஓர் எலுமிச்சம்பழத்தை நடுவில் வைத்து, அது தானாகக் கம்பத்தடிக்கு உருண்டு போவதைக் காட்டி, விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்தேன், மகளே. தன் கையில் பிழை இல்லை என்ற ஆறுதல். பிறகு மெதுவாக முகம் மாறியது. "சேர், இது சாரங்கா அக்காவுக்குத் தெரியுமே?" என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருசம் படிப்பித்திருக்கிறேன், ஒரு பிள்ளையின் கேள்விக்கு முன்னால் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை. அவள் பந்தை எடுத்து என் கையில் தந்துவிட்டு, "சரி சேர்" என்று போனாள். அதன் பிறகு தளத்துக்கு வரவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் சேரப்போகிறாள், சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். தொழிற்சாலை பஸ் பரந்தன் சந்தியால்தான் போகும். சந்தியில் உங்கள் கம்பனி கட்டிய பெரிய பதாகையில் நெல்லுக்கு மேலால் பாய்கிறவள் இன்னும் அவள்தான். எடுக்காத பிள்ளையின் படத்தைக் காட்டி வன்னி மயில்கள் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், உன்னைத் தவிர வன்னிப் பிள்ளை ஒருத்தியும் அந்த அணியில் இல்லை.

நீ போனில் ஒரேயொரு தடவை விளக்கம் சொன்னாய், கம்பனி அணிக்கு ஆட்களை முதலே எடுத்துவிட்டது, தெரிவு பேருக்குத்தான், நீ வாய் திறந்தால் தலைவி இடம் போய்விடும், "உங்களுக்கு அங்கத்தைய நிலைமை விளங்காது அப்பா" என்று. விளங்குகிறது. கம்பனி எங்களுக்கு யார், அவர்கள் ஏமாற்றினால் நான் பேப்பரில் வாசித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். பிழையைத் தன் உடம்பால் அனுபவித்து, காரணத்தையும் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் அந்த இடத்தில் நீ. உன்னால் கம்பனியைத் தடுக்க ஏலாமல் போயிருக்கலாம், அதற்கு நான் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். ரஜிதாவின் காதுக்குள், கொஞ்சம் உயர்த்தி எறி என்று ஒரு வசனம் சொல்ல எந்தக் கம்பனியின் அனுமதி வேணும்? அவளைக் கழித்ததைவிட, அவளுக்கு அடிப்படை இல்லை என்று ஊர் உலகம் கேட்கச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அடிப்படைதான் உன்னுடையதும்.

நேற்றுச் செய்தியில் பார்த்தேன், உன் அணியில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் பிசகி ஓர் இடம் வெறுமையாக இருக்கிறதாம், புத்தாண்டுக்கு முன் இன்னொருத்தியை எடுப்பார்களாம். பரிதாபப்பட்டு ரஜிதாவுக்கு இடம் வாங்கிக் கொடு என்று நான் கேட்கவில்லை. சமதரையில் இரண்டு நாள் அவளை எறிய விடச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேள், தளத்துச் சரிவைப் பற்றி உன் வாயால் அவரிடம் சொல். இரண்டு நாளின் பிறகும் விழாவிட்டால் நானே அவளைக் கூட்டி வந்து அந்தத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அவள் இங்கிருந்து வர ஒத்துக்கொள்வாளோ தெரியாது, நான் கூப்பிட்டால் வரமாட்டாள், நீ கூப்பிட வேணும்.

மற்றபடி, பிரதாபனின் சின்னவன் தவழத் தொடங்கிவிட்டான், வவுனியாவில் இருந்து புத்தாண்டுக்கு வருவார்கள். அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறார், அனுப்புவதா விடுவதா என்று இன்னும் என்னைக் கேட்கவில்லை, ஆனால் போத்தலில் அடைத்து மூடி வைத்துவிட்டார், அதிலிருந்து நீ விளங்கிக்கொள். கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் இறங்காதே. வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடாதே. நீ செய்தது எங்களை நோகப்பண்ணியிருக்கிறது, அதற்காக உன் தட்டு இந்த வீட்டில் கவிழ்த்து வைக்கப்படவில்லை. நாகதம்பிரான் உன் கைக்கும் காலுக்கும் துணை இருக்கட்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நாளைக் காலை மற்றவர்கள் வருமுன் மைதானத்துக்குப் போய், கையைத் திருத்தாமல், நம் நெல் தளத்தில் எறிந்தது போலவே ஒரு பந்தை எறிந்து, அது எங்கே படுகிறது என்று பார்.

அன்புடன்,
அப்பா