கோவில் முழுக்க இருமல்

வாலியா மிகா, 18 அக்டோபர் 1964

அன்புள்ள தம்பி ஒக்தாவுக்கு,

அண்ணன் வலேர் எழுதுவது. நானும் உன் அண்ணி லுக்ரேசியாவும் பிள்ளைகளும் நலம். அம்மாவும் நலம் என்று எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தபாலை நம்பாமல், ரயிலில் கார்டாக இருக்கும் மாமா மகன் கேலுவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பன்றிக் கொழுப்பும் ஒரு குப்பி பிளம் சாராயமும் வருகின்றன. குப்பி பாதியாக வந்து சேர்ந்தால் கேலுவைக் கேள்.

உன்னைக் கோடையிலேயே சிறையிலிருந்து விட்டுவிட்டார்கள். மரங்கள் இலை உதிர்த்தாயிற்று, நீ இன்னும் ஊர்ப்பக்கம் வரவில்லை. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இருக்கலாம். அது நியாயம்தான். ஆனால் அம்மா என்ன செய்தாள்?

நீ உள்ளே இருந்த காலத்தில் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. ரோமையும் பாப்பரசரையும் விட்டு விலகுகிறோம் என்று சாமியார்கள் எல்லோரும் எழுதித் தர வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதே, அன்று நம் சபை வழக்கப்படி குடும்பம் வைத்திருந்த சாமியார் நான் கையெழுத்துப் போட்டேன், நீ போடாமல் சிறைக்குப் போனாய். அதற்குப் பிறகு அம்மா என் கோவில் வாசலைத் தாண்டியதே இல்லை. வராமலும் இருந்ததில்லை. ஞாயிறு தவறாமல் கறுப்புப் பாவாடையும் பூப்போட்ட தலைத்துணியுமாக வந்து முற்றத்து அக்ரூட் மரத்தடியில் நிற்பாள். மழையிலும் நிற்பாள், பனியிலும் நிற்பாள். உள்ளே நான் திருப்பலி வைப்பேன். பாப்பரசர் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். அப்போது வெளியிலிருந்து அவள் குரல் வரும்: "நம்ம பாப்பரசருக்காகவும்!"

முதல் தடவை நான் படித்த வரியையே திரும்பப் படித்தேன். காதில் போட்டுக்கொண்டுபோய் மேலிடத்தில் சொல்லக்கூடியவன் கோவிலுக்குள்ளேயே இருந்தான். அப்போது மாவு ஆலைக்காரக் கிழவன் திடீரென்று இருமினான். அவன் மனைவி இருமினாள். பிறகு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு எல்லோரும். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் கோவில் முழுக்க இருமல்தான். நல்ல கோடையிலும் இருமுவார்கள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இந்த ஊர்ல எல்லாருக்கும் நெஞ்சு சளியா சாமி?" என்று கேட்டார். "ஆத்தங்கரை ஊருங்க, ஈரம் ஜாஸ்தி" என்றேன்.

சிரிப்பாய். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் என் ஊரே என் அம்மாவின் குரலை மறைக்க இருமுகிறது என்பது படுக்கையில் நினைவுக்கு வரும்போது சிரிப்பு வருவதில்லை.

போன ஞாயிறு அந்த மரத்தடியிலேயே வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்கிறார் மருத்துவர். போகும் முன் உன்னிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறாள். இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாத சாமியார் நீ ஒருவன்தான் மிச்சம். சீக்கிரம் வா.

உன் அண்ணன்,
வலேர்


க்லூஜ், 9 நவம்பர் 1964

அன்புள்ள அண்ணா,

கொழுப்பு கிடைத்தது. குப்பியில் முக்கால் இருந்தது. கேலு திருந்திவிட்டான்.

அம்மாவை நினைத்து மனசு கனக்கிறது. நான் இங்கே பொதுக் குளியலறையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறேன். வெந்நீர் ஆறினால் பாதிச் சோப்போடு நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். லீவு கேட்டால் முறைக்கிறார்கள். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டும் வேண்டும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் முடிகிறதா பார்க்கிறேன். அம்மாவுக்கு இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் மீது எனக்குக் கோபம் இல்லை. அதை மட்டும் நம்பு.

தம்பி,
ஒக்தாவ்


வாலியா மிகா, 6 டிசம்பர் 1964

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "மேல தோத்திரம் போட்டிருக்கானா?" என்றாள்.

நம் வீட்டில் 'இயேசுவுக்குத் தோத்திரம்' என்று தொடங்காத கடிதம் உண்டா? நான் அதை எழுதுவதை விட்டு நாளாயிற்று. எனக்கு அதை எழுதக் கை வருவதில்லை. உன் கடிதத்திலும் அது இல்லை. "போட்டிருக்காம்மா" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்ன பொய்களில் இன்னும் ஒன்று.

உன்னைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறாள். "என் சின்னவன் அரையடி அசையலை. ஜெயில்ல பூசை ரசத்துக்குப் பதிலா ரெண்டு உலர் திராட்சையத் தண்ணியில நனைச்சு, உள்ளங்கையில வச்சே பூசை வச்சானாம்" என்பாள். சிறையிலிருந்து வந்த யாரோ சொன்னதாம். இளைஞர்கள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். நான் அப்போது வெளியே போய் விறகு பிளப்பேன். இந்தக் குளிர்காலத்துக்கு விறகு நிறையவே சேர்ந்துவிட்டது.

முந்தாநாள் காய்ச்சல் ஏறியது. பயந்துபோய், "அம்மா, பாவசங்கீர்த்தனம் நான் கேக்கட்டுமா?" என்றேன்.

"நீ என் புள்ளடா. நீ சோளக்களி கிண்டிக் குடுத்தா சாப்புடுவேன், தூக்கி உக்கார வச்சா உக்காருவேன். இதுக்கு மட்டும் அவன் வரட்டும்."

களியில் உப்பு ஜாஸ்தி என்று ஒரு வசவும் சேர்த்துக்கொண்டாள். அனுமதிச் சீட்டு இரண்டே நாளில் கிடைக்கும் என்று கேலு விசாரித்துச் சொன்னான். ஒக்தாவ், நீ ஏன் வரவில்லை?

வலேர்


க்லூஜ், 3 ஜனவரி 1965

அண்ணா,

பண்டிகை போய்விட்டது. நான் வரவில்லை. அனுமதிச் சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. நிலையம் வரை வந்து, பெட்டியில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பும் முன் இறங்கிவிட்டேன்.

உன்னிடம் பொய் சொல்லி அலுத்துவிட்டது. என்னால் செபிக்க முடியவில்லை. அம்மா சொல்லும் அந்தத் திராட்சைக் கதை உண்மைதான். உள்ளே இருந்தபோது அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், அப்போதெல்லாம் அது என்னிடம் இருந்தது. வெளியே வந்தேன். குளித்தேன், வயிறாரச் சாப்பிட்டேன், மெத்தையில் படுத்தேன். அது போய்விட்டது. எங்கே தொலைத்தேன் என்றே தெரியவில்லை. காலையில் சிலுவை வரைய நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவேன். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறக்கிவிடுவேன். 'பரலோகத்தில் இருக்கிற' என்று தொடங்கினால் வாய் உலர்ந்துபோகிறது. எங்களில் எத்தனையோ பேர் அங்கேயே செத்தார்கள். எஞ்சியவன் இப்படி ஆனேன் என்று அவர்கள் முகத்தை நினைக்கவே கூசுகிறது.

நீ ஒரு கையெழுத்துப் போட்டாய், அது ஊருக்குத் தெரியும். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் விலகிவிட்டேன். உலகம் என்னை விசுவாசத்தின் சாட்சி என்கிறது. எதைக் கொண்டு நான் அம்மாவின் கட்டிலருகே உட்காருவேன்? அவளை ஏமாற்றச் சொல்கிறாயா? எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணா. இதை அவளுக்கு வாசிக்காதே.

ஒக்தாவ்


வாலியா மிகா, 24 ஜனவரி 1965

தம்பி,

அம்மாவை நேற்று அடக்கம் செய்தோம். தந்தி கொடுத்தால் நீ திரும்பவும் வண்டியில் ஏறி இறங்குவாய் என்று கொடுக்கவில்லை. அது என் கோபம். மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். ஆனால் விட்டுவிட்டு வாசிப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். இந்த ஒன்றையாவது முழுசாக வாசிக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"வாய் காஞ்சு போச்சாமா?" என்றாள். "நாள் பூரா கொதிகலன் முன்னாடி நின்னா யாருக்குத்தான் காயாது? தண்ணியக் குடிச்சுட்டுக் கெளம்பி வரச் சொல்லு."

அப்புறம் கொஞ்சம் கழித்து, "மரத்தடியில நிக்கறப்போ எனக்கு மட்டும் என்ன இனிச்சுதா? பாதி நாள் காலு வலி தவிர வேற ஒண்ணும் நெனப்புல வராது. நின்னேன், அவ்வளவுதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூச்சு இழுக்கத் தொடங்கியது. கையில் எரியும் மெழுகுவத்தி இல்லாமல் சாவது நம்மில் எத்தனை பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியும். அவளால் பிடிக்க முடியவில்லை. "நீ புடி" என்றாள். அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு பிடித்தேன். மெழுகு எங்கள் இருவர் விரலிலும் வழிந்தது. "அவன் வருவானா?" என்றாள். "வருவாம்மா" என்றேன். பாவசங்கீர்த்தனம் இல்லாமலே போய்ச் சேர்ந்தாள். அது உன்னால். என்னாலும்தான்.

அடக்கத் திருப்பலியில், அந்தக் கையெழுத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளை என் கோவிலுக்குள் கொண்டுவந்தார்கள், பெட்டியில். அந்த இடம் வந்தது. பழக்க தோஷம், சனங்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள். ஆலைக்காரன் இருமினான், பெண்கள் பக்கம் இருமினார்கள். வெளியிலிருந்து குரல் வரவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு ஒவ்வொருவராக உறைக்க, இருமல் அடங்கியது. இத்தனை வருஷமாக அந்த ஒரு வரியை ஒரு கிழவியின் தொண்டையில் ஏற்றிவிட்டு நான் பத்திரமாக இருந்தேன், ஒக்தாவ். என் முகம் எரிந்தது.

"நம்ம பாப்பரசருக்காகவும்" என்று நான் சொன்னேன். குரல் நன்றாக வரவில்லை, கீச்சென்று வந்தது. ஒருவரும் இருமவில்லை. அண்ணி சத்தமாக அழுதாள்.

செவ்வாய்க்கிழமை மாவட்ட அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அங்கே போகும் முன் நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. உனக்கு உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அம்மாவுக்கு வராத நீ எனக்கு வருவாயா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன். கேலு இந்தக் கடிதத்தோடு உன் வாசலில் காத்திருப்பான்.

அண்ணன்


க்லூஜ், 25 ஜனவரி 1965

இயேசுவுக்குத் தோத்திரம்.

அண்ணா, கேலு நிற்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அவனை அடுத்த வண்டியில் அனுப்பிவிட்டு, என் வேலை முறை முடிந்ததும் மாலை வண்டியில் நான் ஏறுகிறேன். இறங்கமாட்டேன். அம்மாவுக்கு வராத கால் இப்போது வருகிறதே என்று அடி மனசில் அறுக்கிறது. அந்த வெட்கம் போகாது, அதையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

தோத்திரம் எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது தோளில் போட்டுக்கொள்ளும் சாமியார் துணி என்னிடம் இல்லை. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைத் தலைத்துணியை எடுத்து வை. முதலில் நீ முழங்காலிடு, நான் கேட்கிறேன். பிறகு அதே துணியை நீ போட்டுக்கொள். என்னுடையதை நீ கேட்க வேண்டும்.

மேசையில் ஒரு செம்பு தண்ணீர் வைக்கச் சொல் அண்ணியிடம்.

உன் தம்பி,
ஒக்தாவ்