அப்போண்டி வீடு சேர்ந்த செய்தி

கிசுமு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அவினோவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும் இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் தூங்கி, சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஹலோ என்றதும் நான் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், சொல்ல நினைத்தது சொல்லாமலே போய்விடுகிறது. ஒகுமுவின் மனைவி வியாழக்கிழமை மஸ்கட்டுக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் கொடுத்துவிடலாமென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பேர்தான், இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன், எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிறு பிரசங்கமும் தயாராகவில்லை. பையன்கள் அறையின் கூரை மறுபடி ஒழுகுகிறது, த்ருஃபேனா டீச்சர் சமையற்காரரோடு உப்புக்காகச் சண்டை போட்டுவிட்டு இரண்டு நாளாகப் பேசுவதில்லை, என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இதெல்லாம் செய்தியில்லை. செய்தி என்னவென்றால், நம் அப்போண்டியை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நீ படிப்பு முடித்துப் புறப்பட்டபோது உன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாளே, அதே அப்போண்டிதான், இப்போது பன்னிரண்டு வயது. ஏழு வயதில் பஸ் நிலையத்துக் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்திலிருந்து, கையில் முகர்கிற பசைப் பாட்டிலோடு நம் இல்லத்துக்குக் கூட்டி வந்தபோது ஊர் பேரும் சொல்லத் தெரியாது, அம்மா பேரும் தெரியாது, ஏரி பெரிசா இருக்கும் என்று மட்டும் சொல்வாள். இந்த ஏரிக்கரையில் எத்தனை ஊர், எங்கே போய்த் தேடுவது, இரண்டு வருஷம் விசாரித்துவிட்டு விட்டுவிட்டோம். போன ஜூன் மாதம் ஒமெனா மீன் கொண்டுவருகிற பழைய ஆள் படுத்துவிட்டான், அவனுக்குப் பதில் பெரெஸ் என்று ஒருத்தி வந்தாள், உசெங்கே பக்கத்துக்காரி, வாய் ஓயாது. மீனை அளந்துகொண்டே இருந்தவள் அப்போண்டி தண்ணீர் வாளியோடு குறுக்கே போவதைப் பார்த்து அளப்பதை நிறுத்திவிட்டாள். இங்கே வா என்று கூப்பிட்டு, "அந்த மரம் வரைக்கும் நடந்து காட்டு புள்ள," என்றாள். பிள்ளைக்கு இடது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பும், உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் நடந்து திரும்பியதும் பெரெஸ் என்னிடம் வந்து, "பாஸ்டர், எங்க ஊர்ல கொன்சோலாத்தான்னு ஒருத்தி இருக்கா, அச்சு அசலா இதே நடை, காணாமப் போன மகளும் உண்டு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது சொல்லப்போவதை அம்மாவுக்கே நான் பிறகுதான் சொன்னேன். அதைக் கேட்டும் பதினோரு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் நல அதிகாரிக்கு அன்றே தகவல் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் முறை. மீன்காரி பேச்சை நம்பி ஒரு பிள்ளையின் மனசைக் கலைக்கக் கூடாது, முதலில் நன்றாக விசாரிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் விசாரிக்கவும் இல்லை. தினம் காலை ஜெபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து அவள் தாளம் தப்பிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் பெரெஸ் மறுபடி மீனோடு வந்து, என்ன பாஸ்டர், அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லலாமா வேண்டாமா என்று அம்மா முன்னாலேயே கேட்டுவிட்டாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அன்றைக்கே அதிகாரியிடம் போனோம். அவர்கள் விசாரித்து, கொன்சோலாத்தாவை வரவழைத்து, பிள்ளையின் முதுகில் இருக்கும் தீக்காயத்தை அவள் பார்க்காமலே இடம் சொல்லி, எல்லாம் சரியென்று ஆனது. ஏழு வருஷத்துக்கு முன் அந்த அம்மா மீன் விற்கக் கிசுமு வந்தபோது பஸ் நிலையத்தில் கலவரம், கண்ணீர்ப்புகை, ஓட்டத்தில் கை விட்டுப்போயிருக்கிறது. ஒரு மாதம் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள். நம் தெருவிலும் வந்திருப்பாளோ என்னவோ, நினைக்கவே முடியவில்லை.

போன சனிக்கிழமை நானும் அம்மாவும் அப்போண்டியோடு வேனில் போய் இறங்கினோம். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. கொன்சோலாத்தாவை இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து உள்ளேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளையின் பெரியப்பா ஒண்டியெக், வயதானவர், மரியாதையான மனிதர், அந்த ஊர்க் கோயிலில் உபதேசியார்கூட, வாசலுக்கு வெளியே மரத்தடியில் எங்களுக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, உடல் கிடைக்காதவர்களுக்கு நம்மவர்கள் செய்கிற மாதிரி உடலுக்குப் பதில் நீளமான ஒரு யாகோ மரத்துக் காயைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அப்போண்டி என்று பேர் சொல்லி அழுது புதைத்துவிட்டார்களாம். நாம் அவளை இல்லத்துக்குக் கூட்டி வந்த அதே வருஷம், அவினோ. "அடக்கம் பண்ணினவ வாசல் வழியா வந்தா பின்னாலேயே சாவும் வரும் பாஸ்டர். குழியைத் திறந்து காயை எடுக்கணும். அப்புறம் கள்ளிவேலியில புது வழி வெட்டிக் கூட்டிட்டுப் போறோம்," என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. உயிரோடு நிற்கிற பிள்ளையைச் செத்தவளாக வைத்துச் சடங்கா, நான் இருக்கும்வரை நடக்காது, வாசலைத் திறக்காவிட்டால் வந்த வேனிலேயே கூட்டிப் போய்விடுவேன் என்றேன். ஆண்டவர் லாசருவை எழுப்பினபோது இப்படியெல்லாம் செய்தார்களா என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "லாசருக்கும் முதல்ல கல்லைப் புரட்டத்தானே சொன்னாரு பாஸ்டர்," என்றார். இருபத்தாறு வருஷமாகப் பிரசங்கம் பண்ணுகிற எனக்கு அவர் வேதம் சொல்லிக்கொடுத்தார், ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே போனது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, உள்ளே அந்தத் தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அம்மா என்னை வேன் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டாள், "வேதத்துக்காக நிக்கிறீங்களா, இல்ல புள்ளைய விட மனசில்லாம நிக்கிறீங்களா?" அந்தப் பதினோரு நாளும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை அங்கேதான் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் காரியம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. பையின்மேல் உட்கார்ந்து மந்தாசி தின்றுகொண்டிருந்த அப்போண்டி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போய், "என்னை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் வேலிக்கு வெளியே இடது பக்கம் கை காட்டியிருக்கிறார். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் அளவு தோண்டிவிட்டாள், என்னைப் பார்த்து, "நீங்க தோண்ட வேண்டாம் பாஸ்டர், உங்களுக்கு மூட்டு வலி," என்றாள். நான் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன். குழி ஆழமில்லை, நீளமும் இல்லை, ஐந்து வயதுக்கான அளவு. பெட்டி உளுத்துப்போயிருந்தது, காய் வெறும் நாராக இருந்தது. சுற்றியிருந்த துணிதான் மிச்சம், ஒரு சின்ன மஞ்சள் கவுன். பிள்ளை அதை மண்ணை உதறித் தன் நெஞ்சோடு வைத்து அளந்து பார்த்துவிட்டு, "நான் இவ்வளவுதான் இருந்தேனா," என்றாள். அப்போதுதான் கொன்சோலாத்தா பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு, வழி வெட்டும்வரை காத்திராமல் அந்தக் கள்ளிக்குள்ளேயே புகுந்து ஓடி வந்தாள். கையெல்லாம் பால், முகமெல்லாம் கீறல். யாரும் தடுக்கவில்லை, பெரியப்பாவும் தடுக்கவில்லை. அவள் வந்த ஓட்டையையே கொஞ்சம் அகலப்படுத்தி அதன் வழியாகத்தான் பிள்ளையை உள்ளே கூட்டிப் போனார்கள். ஜெபம் பண்ணச் சொன்னார்கள். நான் பண்ணினேன், என்ன சொன்னேனென்று ஞாபகமில்லை.

வந்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. சரியாகத்தான் செய்தோம், அதில் சந்தேகமில்லை, ஆனாலும் அங்கே பள்ளிக்கூடம் தூரம், சாப்பாடு எப்படியோ, அதிகாரி மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பதாகச் சொன்னது நடக்குமோ நடக்காதோ என்று ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. இன்று காலை கொன்சோலாத்தா போன் பண்ணினாள். மூன்று நாளாகப் பிள்ளை பாயில் படுக்கவில்லையாம், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே இருக்கிறாளாம், அடித்துப் படுக்கவைக்க மனசு வரவில்லை, கெஞ்சியும் பார்த்துவிட்டேன், அங்கே நீங்கள் என்ன செய்வீர்கள் பாஸ்டர் என்று அழுதாள். சொன்னேன். தாழ்ப்பாளை அவளே போட வேண்டும், போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள், அவள் பார்த்த பிறகு நீங்கள் போய்த் தொட்டுப் பார்க்கக் கூடாது, அப்புறம் தானாக வந்து படுத்துக்கொள்வாள் என்றேன். இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்திருந்தது அது ஒன்றுதான், அதையும் கொடுத்துவிட்டேன். போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு வெளியே வந்து இந்தத் தாளை எடுத்தேன்.

நீ மூன்று வாரமாக அம்மாவிடம் பேசவில்லை. வேலை அதிகம் என்று தெரியும், குறை சொல்லவில்லை. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு, அம்மா எடுக்கும்முன் நான் எடுத்துவிடுகிறேன், மழையைப் பற்றிப் பேசமாட்டேன். தண்ணீர் நிறையக் குடி. வெளியே போகும்போது தனியாகப் போகாதே. போக்கிலும் வரத்திலும் ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. அம்மா தோர்சிலாவின் முத்தங்களும் இல்லத்துப் பிள்ளைகள் முப்பது பேரின் வணக்கங்களும் இதோடு.

உன்மேல் எப்போதும் நினைவாயிருக்கும்
அப்பா,
எல்கானா ஒகுத்து