மண்மேட்டில் ஒருவர்

நெய்வேலி,
3.1.2026

அன்புள்ள தம்பி செல்வகுமாருக்கு,

வில்லுடையான்பட்டு முருகன் உனக்குத் துணையிருப்பான். நீ ஜெயிலுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. உன் மாமா ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

நல்ல சேதி ஒன்று. போனில் படம் எடுக்க நானாகக் கற்றுக்கொண்டு வருகிறேனே, எடுத்ததையெல்லாம் தேதி, மணி, இடம் போட்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். நேற்றுதான் அந்த நோட்டைத் திறக்க மனம் வந்தது. டிசம்பர் 12, மாலை 5.41, சுரங்கத்து மண்மேடு, 'மேட்டில் ஒருவர்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. சின்னதுரை விழுந்து செத்த அதே நாள், அதே மேடு, அவன் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

கோயிலிலிருந்து திரும்பும்போது கீழ் ரோட்டில் நின்று எடுத்தது. ஆளுக்குப் பின்னால் சூரியன். திரையில் வானத்தைத் தொட்டால் போன் வானத்து வெளிச்சத்துக்கு அளவு வைத்துக்கொள்ளும், ஆள் கரியாகிவிடுவான். முகம் கிடையாது, உருவத்தின் ஓரம் மட்டும்தான். ஆனாலும் தலையில் துண்டு போட்டு அதன்மேல் ஹெல்மெட் மாட்டுகிறவன் சின்னதுரை ஒருவன்தானே. அவன் தனியாக நிற்கிறான். ஐந்து மணிக்கே மேட்டைவிட்டு இறங்கிவிட்டேன் என்று நீ போலீசில் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உன் அக்கா
மலர்கொடி


மத்திய சிறை, கடலூர்,
8.1.2026

அக்காவுக்கு,

கடிதம் பார்த்து அழுதுவிட்டேன். அம்மா போன பிறகு உன் கைச் சோறுதான் என்னை வளர்த்தது. இப்போது உயிரையும் நீதான் கொடுக்கிறாய். மேஸ்திரி வேலைக்காக எனக்கும் சின்னதுரைக்கும் நடந்த சண்டையைப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ் நான் தள்ளினேன் என்கிறது. இந்தப் படம் வந்தால் கேஸ் நிற்காது. வக்கீல் செந்தில்நாதன் பொங்கல் கழித்து வருவார், போனையும் நோட்டையும் அவரிடம் கொடு.

ஒன்று மட்டும். வேறு யாருக்கும் காட்டாதே. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டும் இருக்காதே. இங்கே படித்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியே விடுவார்கள், அதனால் அதிகம் எழுதவில்லை.

செல்வகுமார்


நெய்வேலி,
19.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் வந்து போனது. பால் பொங்கியபோது குரல் கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

உன் பேச்சைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். சின்னதுரை பெண்சாதி இசைப்பிரியா கம்மாபுரத்திலிருந்து வந்தாள். உன் மாமா ஷிப்டில் யாரிடமோ படத்தைப் பற்றிச் சொல்ல, அது அவள் காது வரைக்கும் போயிருக்கிறது. புருஷன் கடைசியாக நின்றதைப் பார்க்க வேண்டும் என்றாள். எப்படி மாட்டேன் என்பது? விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"யக்கா, அவுரு கை ரெண்டும் இங்க தொங்கினு இருக்குது. இடுப்புல வெச்சினு இருக்கிற இந்தக் கை யாருது?"

நானும் பார்த்தேன். மூன்றாவதாக ஒரு முழங்கை மடங்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நடுவில் முக்கோணமாகக் கொஞ்சம் வானம்.

அவள் போன பிறகு பூஜையறைக் குத்துவிளக்கு இரண்டையும் ஜன்னலில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுத்தேன். படத்தில் ஒரே விளக்குதான். கரியில் முன்னே பின்னே கிடையாது, இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. நடுவில் வெளிச்சம் புகுந்தால்தான் இரண்டு என்று தெரியும். அன்றைக்கு வெயில் கண்ணைக் கூச, திரையை மட்டும் பார்த்து ஒருவர் என்று எழுதியது என் தப்பு.

வக்கீல் வந்தார். போன் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்று பொய் சொன்னேன். செல்வகுமார், நீ எத்தனை மணிக்கு இறங்கினாய்?

மலர்கொடி


மத்திய சிறை, கடலூர்,
23.1.2026

அக்காவுக்கு,

நலம். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தாயா? போனில் இடம் போதவில்லை என்று எப்போதும் குறைபடுவாய். பழைய படம், பழைய நோட்டு எல்லாவற்றையும் போகி நெருப்போடு முடித்திருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வக்கீல் வேறு வழி பார்த்துக்கொள்வார்.

இசைப்பிரியாவை வீட்டில் சேர்க்காதே. துக்கத்தில் இருக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் எதுவோ தெரியும்.

மணி கேட்டிருந்தாய். என்னிடம் கடிகாரம் இல்லை.

செல்வகுமார்


நெய்வேலி,
30.1.2026

தம்பிக்கு,

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ எழுதியது போகியைப் பற்றி.

நேற்று இசைப்பிரியாவோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் படத்தைக் கொடுத்துவிட்டேன். உன் மாமா முதலில் தடுத்தார், பிறகு அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். இன்ஸ்பெக்டர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஆள் யார் என்று கேட்டார். முகம் இல்லாத படம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான் இடுப்பில் கைவைத்து நிற்பாய் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் நீ தள்ளினாயா, அவனாகச் சறுக்கினானா என்பது எந்தப் படத்திலும் இல்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை மனு போட்டு உன்னைப் பார்க்க வருகிறேன். போன தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் ஜன்னலை ஒட்டி நின்றாய், பின்னால் வெயில். பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உன் முகம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை சுவரோரமாக வந்து நில்.

அக்கா
மலர்கொடி