மூன்று டன் தகடு

உன் கைக்குட்டையில் மூக்குப்பொடி வாடை இன்னும் போகவில்லை. அதில் சுற்றியிருந்த பித்தளைத் தகடு என் மேசைமேல் கிடக்கிறது. நான்கு மூலைகளிலும் நான்கு துளைகள். ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. இதைக் காணாமலே நான் போய்ச் சேர்ந்திருந்தால், உன்னை நேர்மையான தொழிலாளி என்று எண்ணியபடியே போயிருப்பேன். அந்த நிம்மதியைக்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

சென்ற வாரம் உன் மனைவி உன் கருவிப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தண்டையார்பேட்டைப் பட்டறைக்கு வந்தாள். "யக்கா, இத்த நீயே வெச்சிக்க. வூட்ல இத்தப் பாக்கசொல்லல்லாம் ஒரே பேஜாரா கீது" என்றாள். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அவள் எதிரிலேயே பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர்கள், இரும்பில் எண் பதிக்கும் அச்சுகள், உன் சுத்தியல். அடித்தட்டில் இந்தக் கைக்குட்டைப் பொதி. கிரீஸும் மூக்குப்பொடியும் கலந்த அந்த வாடைக்கு ஒரு நொடி என் கண் கலங்கியது என்பதை மறைக்கமாட்டேன். முடிச்சை அவிழ்த்ததும் கண் காய்ந்துவிட்டது.

"மூன்று டன்னுக்கு மேல் ஏற்றலாகாது." வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. வெட்டியது நீ. சிறு வயதில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டிப் பழகிய கை அல்லவா உன்னுடையது. வெட்டும்போது நீ கேலி செய்ததும் நினைவிருக்கிறது. "ஏற்றலாகாதா? இன்னாமே இது, 'ஏத்தாத'ன்னு போட்டா எழுத்தும் கம்மி, என் கையும் தப்பும்." கேலி செய்துகொண்டே ஓர் எழுத்துப் பிசகாமல் வெட்டினாய். நீயே வெட்டி, நீயே ரிவிட் அடித்துப் பொருத்திய தகட்டை நீயேதான் கழற்றியிருக்கிறாய்.

நீதான் கழற்றினாய் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை. நம் பட்டறைச் சந்தில் ரிவிட் எடுக்க வேண்டுமென்றால் எவரும் உளியை வைத்து ஓங்கி அடிப்பார்கள், தகடு நசுங்கும். நீ ஒருவன்தான் முதலில் மெல்லிய துளை போட்டு, அதன்மேல் பெரிய துளை போட்டு, ரிவிட்டின் தலை மட்டும் மோதிரம்போலக் கழன்று வரும்படி எடுப்பாய். அந்தப் பொறுமையை நான் எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். என்னை ஏமாற்றும் வேலையையும் அதே பொறுமையோடுதான் செய்திருக்கிறாய்.

இந்தத் தொழிலுக்கு நாம் வந்த வகை உனக்குத் தெரியும். இராணுவம் ஏலத்தில் கழித்துவிடும் ஆறு சக்கர லாரிகளை நீ எடுத்து வருவாய். முன்னால் ஓர் அச்சு, பின்னால் இரண்டு அச்சு, ஆறு சக்கரமும் எஞ்சினால் சுழலும் வண்டி. சேற்றிலும் மணலிலும் போகும். ஆனால் நீளம் அதிகம், குறுகிய தடத்தில் திரும்பாது. பின்னச்சு ஒன்றை நீக்கி, அடிச்சட்டத்தைக் குறைத்து, நான்கு சக்கரமும் சுழலும் குட்டை வண்டியாக மாற்றினால் மலைத்தோட்டக்காரர்களும் கடற்கரை வேலைக்காரர்களும் தேடி வந்து வாங்கினார்கள். நீ வெட்டுவாய், ஒட்டுவாய். எங்கே வெட்டுவது என்று சொல்வது என் வேலை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவள். பாரிமுனை நடைபாதையில் கிடைத்த இராணுவக் கையேட்டை அகராதியின் துணையோடு வரிக்கு வரி படித்து, படத்துக்குப் படம் வரைந்து கற்றவள். "சேசுன்னு சொன்னா வாய் நோவுமா? அடிச்சட்டமாம்" என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு, முதல் வண்டியில் என் சொல்லைக் கேளாமல் நடு அச்சை வைத்துக்கொண்டு கடைசி அச்சைக் கழற்றி எறிந்தாய். நடு அச்சின் வழியாகத்தான் கடைசி அச்சுக்கு விசை போகிறது, போகும் வழியைத் திறந்துவிட்டால் விசை முழுவதும் அந்த வெற்று முனைக்கே ஓடிவிடும் என்று கையேட்டைத் திறந்து காட்டினேன். "புக்கு வண்டி ஓட்டாது மே" என்றாய். எஞ்சின் உறுமியது, வெற்று முனை பம்பரமாய்ச் சுற்றியது, பின்சக்கரம் அசையவில்லை. சந்து முழுவதும் கைகொட்டிச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நீதான். கீழே குதித்து, என்னைக் காட்டி, எல்லார் காதிலும் விழும்படி, "இனிமே இது சொல்றதுதான் கணக்கு. எவனாவது வாய் பேசுன, மவனே, மூஞ்சி பேந்துரும்" என்றாய்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இருபது ஆண்டுகள் உன்னோடு தொழில் செய்தேன்.

தகடு அடிக்கும் வழக்கமும் அன்று தொடங்கியதே. இராணுவம் பொருத்திய தகட்டில் ஆறு சக்கரத்துக்கு உரிய ஐந்து டன் இருக்கும். ஓர் அச்சு போன பின் அந்த எண் பொய். ஆகவே பழைய தகட்டைக் கழற்றிப் புதிய எண்ணோடு நம் தகட்டை ஓட்டுநரின் கண்ணெதிரே அறைய வேண்டும் என்றேன். முதலில் நீ முணுமுணுத்தாய். "எண்ணப் பாத்தா வாங்கறவன் ஓடிப்பூடுவான் மே." ஆனாலும் ஒவ்வொரு வண்டிக்கும் வெட்டிக் கொடுத்தாய். கடைசி வண்டிக்கும் வெட்டினாய்.

எண்ணூர்க் கரையில் கடலரிப்புக்குக் கல் கொட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அதை வாங்க வந்தார். மூன்று டன் என்பதை அவரிடம் சொல்லிவிட்டாயா என்று உன்னை இருமுறை கேட்டேன். "சொல்ட்டேன் மே, எத்தினி தபா கேப்ப" என்றாய். வண்டியை ஒப்படைத்த காலையில் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். வழக்கம்போல் இருக்கையில் ஏறிப் பார்க்கப் படியில் கால் வைத்தேன். நீ குறுக்கே வந்தாய். "ஏறாத மே, சீட்ல கிரீஸு கீது. பொடவ பாழாப்பூடும்." இருபது ஆண்டுகளில் என் புடவையைப் பற்றி நீ கவலைப்பட்டது அன்று ஒரு நாள்தான். மரியாதை என்று எண்ணிக் காலை எடுத்துக்கொண்டேன். என் அறிவின்மைக்கு அந்த ஒரு படி போதும்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கல்லேற்றிய வண்டியைச் சரிவில் இறக்க அதன் ஓட்டுநர் பயந்தார் என்று உனக்குச் சொல்லியனுப்பினார்கள். நீ போய், நீயே ஏறி ஓட்டினாய். ஏழு டன். பாதிச் சரிவில், பின்பக்கம் பாரம் தாங்கும் கமான் பட்டை ஒடிந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த காத்திவாக்கத்து ஆட்கள் ஓடிவந்து உன்னை வெளியே எடுத்தார்கள். சாய்ந்த வண்டியில் தகடு இல்லை என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தாய். ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் இதைச் சொல்லியிருப்பாயா? சொல்லியிருக்கமாட்டாய் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த ஒப்பந்தக்காரர் வந்தார். சாப்பாட்டுப் பந்தியில் எவரோ கேட்டதற்கு, "பொம்பள போட்ட கணக்கு, வேற எப்பிடி இருக்கும்? ஒடஞ்சி பூட்ச்சி" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். என் கணக்கு மூன்று டன் என்றும், அதைச் சொன்ன தகட்டைப் பிடுங்கி எறிந்தவர் அவரே என்றும், உன்னைக் கொன்றது அவருடைய பேராசை என்றும் பந்தி முழுவதும் கேட்கச் சொன்னேன். "தகடே இல்லம்மா அதுல, என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றார் அவர். நம் சந்து ஆட்கள் அவரை உண்ணவிடாமல் வெளியே அனுப்பினார்கள். சத்தியம் செய்த மனிதனைப் பொய்யன் என்றேன், உன்னை நம்பி.

இப்போது தகடு என் கையில். அன்று பெட்டியைத் திறந்தபோது, தேநீரைக் கீழே வைத்துவிட்டு உன் மனைவி, "இன்னாக்கா அது?" என்றாள். சொன்னேன்.

"திருப்பி மாட்டத்தான்க்கா வெச்சிருப்பாரு. தூக்கிப் போடலியே" என்றாள்.

"மாட்டவில்லையே" என்றேன்.

"செத்தவரு பேருக்கா. எம் பொண்ணு இந்த சந்துலதான் நடந்தாவணும். உன்னக் கையெடுத்துக் கும்புடறன், யார்ட்டயும் சொல்லாத."

சொல்லாமல் விட்டால் ஒரு மனிதர் மீது நான் சுமத்திய பழி நிலைக்கும். சொன்னால் உன் பெயர் போகும், உன் மகள் தலை குனிவாள். இப்படியொரு முடிச்சைப் போட்டுவிட்டு நீ படமாகிப் பட்டறைச் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். உன்னை உலுக்கிக் கேட்கவும் வழியில்லை. அந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? தகட்டைத் தூக்கி எறிய உனக்கு மனம் வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். பெட்டிக்குள் பத்திரமாக இருந்த தகடு எந்த ஓட்டுநரின் கண்ணில் பட்டது?

மறுநாள் எண்ணூருக்குப் பேருந்து ஏறினேன். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம். கல் குவியலின்மேல் நின்றிருந்த ஒப்பந்தக்காரரிடம் கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். தகட்டைக் கழற்றியவர் அவர் அல்லர், என் தொழில் பங்காளியே என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் தகட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஏழு தாங்குமான்னு கேட்டன்மா. 'கண்ண மூடிகினு ஏத்து நைனா'ன்னாரு. அவுரே ஓட்டிக் காட்டறன்னுதான் ஏறுனாரு."

"என் கணக்கைப் பற்றித் தாங்கள் சொன்ன சொல்லும் தவறு" என்றேன்.

"அது தப்புதான். ஆனா இங்க வந்து என் காதுல சொல்லிட்டா ஆச்சா? அன்னிக்கு எத்தினி பேர் முன்னால என்னத் திட்டுன? அத்தினி பேர் முன்னால சொல்லு. நானும் வர்றேன், என் தப்ப நானும் சொல்றேன்."

நியாயமான பேச்சு. உன்னிடமிருந்து வராத நியாயம் அவரிடமிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, உன் படத்துக்குக் கீழே நின்று சொன்னேன். லேத்துக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். தகடு கைமாறிக் கைமாறிச் சென்றது. துளைகளைக் கண்டதும் எவரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. அந்தக் கைவேலை அவர்களுக்கும் தெரியும். ஒப்பந்தக்காரர், "அம்மா கணக்கு சரி. தப்பா பேசுனது நானு" என்றார். இருபது ஆண்டுகளாக நான் கேட்க விரும்பிய வாக்கியம். அதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. உன் மனைவி வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனாள். அதன் பிறகு நான்கு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டேன். எடுக்கவில்லை. அதற்கும் நீதான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. பாதிக்கு நானும் காரணம் என்பதால் சொல்லவில்லை.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன கடைசி ஆறு சக்கர வண்டியின் மாற்று வேலை நேற்று முடிந்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டும் கை இப்போது பட்டறையில் இல்லை. இருந்தாலும் இனித் தகடு வேண்டேன். உன் பெட்டியிலிருந்த எண் அச்சையும் சுத்தியலையும் எடுத்து, முன்பக்க அடிச்சட்டத்தில், வண்டியின் எண் பொறித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நானே அடித்தேன். உன் நேர்த்தி எனக்கு வரவில்லை. மூன்று சற்றே சாய்ந்து விழுந்தது. ஆனால் இரும்பில் விழுந்தது. அதைத் துளையிட்டு எடுத்துக் கைக்குட்டையில் சுற்ற முடியாது.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். "ஆத்திர அவசரத்துக்கு ஒரு டன்னு கூட ஏத்தலாமாம்மா?" என்றார்.

"ஏற்றலாகாது" என்றேன். அவர் சிரித்தார், நீ சிரிப்பதைப்போலவே. விரலை வைத்து அந்த எண்ணைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

பிறகு சூடம் ஏற்றும் முன், படியில் கால் வைத்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இனி எந்த வண்டியும் நான் ஏறிப் பார்க்காமல் இந்தச் சந்து முனையைத் தாண்டாது. சீட்டில் கிரீஸ் இருக்கத்தான் செய்தது. புடவை பாழாகிவிட்டது.