மீரா மச்சான், உன் சாரனை ஒருவன் உடுத்தியிருந்தான்

அன்பில் என்றும் குறையாத மீரா மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ எங்கே இருந்தாலும் இந்த ஸலாம் உனக்கு எட்டட்டும்.

இதை எழுதுவது நான்தான், அகமது. சிரிக்காதே. யாரையும் பிடித்து எழுதுவிக்கவில்லை. ஓதப் பள்ளியில் அரபு அலிபு, பே படித்ததோடு நின்றவன், தாடி நரைத்த பிறகு ஆனா, ஆவன்னா படித்துவிட்டேன். நம் தொண்டர் சங்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு முதியோருக்கு வகுப்பு நடத்துகிறது. பாண்டிருப்பில் இருந்து சைக்கிளில் வரும் மாஸ்டர் சொல்லித் தருகிறார். மருதமுனைக் கடைத்தெருவில் இப்போது என்னோடு யாராலும் நடக்க முடியாது. ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று உரக்க வாசிக்கிறேன். "அகமதுக் காக்கா, அது மூடின கடை" என்று, அண்ணன் முறை சொல்லியே கேலி செய்கிறார்கள். கடை மூடினால் என்ன, எழுத்து திறந்துதானே கிடக்கிறது?

ஒரு வரி எழுதி முடிக்க ஒரு வாய் வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் இனிக்கிறது, மச்சான். "யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள், சங்கத்து மலரில் போடலாம்" என்றார் மாஸ்டர். பேனாவைக் கையில் எடுத்ததும் நீ வந்து நின்றாய். நீ வந்து நிற்பது எனக்குப் புதிதல்லவே.

போன மாரியில் சவளக்கடைப் பக்கம் வயலும் ஊரும் ஒரே கடலாகக் கிடந்தன. எங்கள் மீன்பிடித் தோணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அந்த வயலுக்குள் இறக்கினோம். சங்கம் திரட்டிய அரிசியோடு நீயும் ஒரு தோணியில் ஏறினாய். "நெசவுக்காரனுக்குத் தண்ணியில என்ன வேலை?" என்று கேட்டேன். "நீங்க தோணியைப் பிடிங்க, நான் அரிசியைப் பிடிக்கிறன்" என்றாய். பெரிய வாய்க்கால் உடைத்துப் பாய்ந்த இடத்தில் உன் தோணி கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள்.

தண்ணீரில் தேடினோம். தண்ணீர் வற்றிய பிறகு சேற்றில் தேடினோம். நீ கிடைக்கவில்லை. அந்த வெள்ளமெல்லாம் எங்கே போனது? கடலுக்குத்தானே? நான் வலை போடும் இதே கடலுக்குத்தானே? அதன் பிறகு வலை கனத்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

உம்மு என் தங்கை, உன் மனைவி. இது வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். அவள் உன் மரணத்தை ஏற்கவில்லை. "மையித்தைக் காட்டுங்க, நான் இத்தா இருக்கிறன்" என்றாள். காட்ட எங்களிடம் உடல் இல்லை. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கும் அந்த இத்தாவை அவள் தொடங்கவே இல்லை. உடல் கிடைக்காதவனுக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகைக்கும் அவள் ஒப்பவில்லை. அவள் மனம் இறங்கட்டும் என்று பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மார் பொறுத்திருந்தார்கள். ஆகவே நீ இருப்பவர்களோடும் இல்லை, இறந்தவர்களோடும் இல்லை.

அதனால்தான் எங்கும் நின்றாயா? மீன் வாடியில் கூட்டத்துக்குள் உன் முதுகு தெரியும். பள்ளிவாசல் தொட்டியில் கைகால் கழுவி ஒளூச் செய்யக் குனிந்தால், தண்ணீரில் என் முகத்தின் பக்கத்தில் இன்னொரு முகம் ஆடும். நிமிர்ந்தால் யாரும் இருப்பதில்லை. வாடைக் காற்றில் உன் தறி முனகும்போதெல்லாம் உம்மு எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சோற்றில் உன் பங்கை எடுத்து மூடி வைப்பாள். "இது என்ன புள்ள?" என்று ஒருநாள் கேட்டேன். "பசியோட வருவார்" என்றாள்.

இந்த மாரியும் தண்ணீர் ஏறிவிட்டது. அதே சவளக்கடைச் சனம்தான். இம்முறை அவர்களை இங்கே கொண்டுவந்து நம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தோம். சங்கத்து வண்டி தெருத்தெருவாகப் போயிற்று. தகரக் குழலை வாயில் வைத்து நான் கத்தினேன்: "வெள்ளத்தில வந்த சனத்துக்கு உடுப்பு, அரிசி, தேங்காய்! இல்லையெண்டு சொல்லாமத் தாங்க!" உன் வீடு வந்ததும் குழலை இறக்கிவிட்டு மாட்டைத் தட்டினேன்.

"காக்கா! எங்கட வாசல் கண்ணுக்குத் தெரியல்லியா?"

"இல்ல புள்ள, உனக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான்..."

"அவர் ஆரம்பிச்ச சங்கம். அவர்ர வீட்டுல ஒண்டும் கிடைக்கல்லயெண்டு ஊர் கதைக்கணுமா?"

உள்ளே போய் ஒரு மூட்டையோடு வந்தாள். எல்லாம் உன் உடுப்பு. மேலே அந்தப் பச்சைச் சாரன். மட்டக்களப்புக்குப் போய் ரயிலைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு சிவப்புக் கோடுகளை நெடுக ஓடவிட்டுப் பெருநாளுக்கு நீயே நெய்தாயே, ஊரெல்லாம் 'ரயில் பாதை' என்று கேலி செய்த அதே சாரன். "இதையாவது வெச்சிக்கோ" என்றேன்.

"வந்தா வேற நெய்துக்குவார்" என்று மூட்டையை வண்டியில் போட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட முற்றத்தில் சங்கத்துப் பெண்கள் சமைத்தார்கள். உம்முவும் வந்திருந்தாள். சவளக்கடைக் கிழவி ஒருத்தி சட்டியை எட்டிப் பார்த்து, "புள்ளையள், பருப்புக்குள்ள இறைச்சியை ஒளிச்சி வெச்சிருக்கியளோ?" என்றாள். "கையை விட்டுத் தேடிப் பாருங்க, கிடைச்சா எங்களுக்குச் சொல்லுங்க, நாங்களும் கண்டு கனநாள்" என்றாள் உம்மு. முற்றமே சிரித்தது. அவள் பகிடி விட்டதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

அப்போதுதான் உன்னைக் கண்டேன்.

தூறலில், வேலியோரம், முதுகைக் காட்டி நின்றாய். தலையில் துவாய், இடுப்பில் ஒரு கை. பச்சைச் சாரனில் அந்த இரண்டு சிவப்புக் கோடுகள். மழை விடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மூட்டையை என் கண்ணால் பார்த்தவன் நான், மச்சான். எனக்கே அது நினைவில் இல்லை.

உம்மு பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பினேன். அவள் அகப்பையை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். ஓடவில்லை. பிந்தி வீட்டுக்கு வந்தவனைக் கண்டிக்கப் போகிறவளைப் போல நடந்தாள். பக்கத்தில் போய், உன்னைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"இஞ்ச பாருங்க. இவ்வளவு நாளும் எங்க போனீங்க?"

அவன் திரும்பினான். நெற்றியில் திருநீறு. சவளக்கடைக் கந்தப்பன், வயல் செய்கிறவன். "என்னையா கேட்டீங்க, அக்கா?" என்றான்.

உம்மு அவன் முகத்தைப் பார்த்தாள். சாரனைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்குள் அவள் உன்னை எவ்வளவு தேடினாள் என்று எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

"சாரன் அளவா இரிக்கா தம்பி?"

"கொஞ்சம் நீளம் அக்கா, சேத்துல இழுபடுது. ஆனா நல்ல சூடு. இது ஆர்ர?"

"எங்கட வீட்டுக்காரர்ர. போன மாரிக்கு உங்களுக்கு அரிசி கொண்டு வந்தவர். தண்ணியில போயிட்டார்."

ஊரே அவளிடம் எதிர்பார்த்த சொல்லை, ஓர் அயலூரானிடம் சொல்லிவிட்டாள். கந்தப்பன் தலைத் துவாயை எடுத்துவிட்டான்.

"அவரா? ஆடி அமாவாசைக்கு எங்கட ஆக்களோட அவருக்கும் எள்ளும் தண்ணியும் விட்டம், அக்கா. பேர் தெரியாது. 'அரிசி கொண்டு வந்தவர்' எண்டு சொல்லித்தான் விட்டம். அவர்ர பேர் என்ன?"

உன் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. "மீராலெவ்வை" என்றாள். கந்தப்பன் மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

சாரனைக் கழற்றித் தருகிறேன் என்றான் அவன். "வேணாம். நீளமெண்டா மடிச்சுக் கட்டுங்க" என்று திரும்பி வந்தாள். கடைசி ஆள் சாப்பிடும்வரை பரிமாறினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள். "காக்கா, மரைக்காயர்மாருக்குச் சொல்லுங்க. நான் உள்ளுக்குப் போறன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உனக்காகத் தொழுதோம். முன்னால் உடல் வைக்கும் சந்தூக்கு இல்லை, வெறும் தரைதான். சவளக்கடை ஆட்கள் மதிலுக்கு வெளியே மழையில் நின்றார்கள் என்று பிறகு சொன்னார்கள். தொழுது முடித்துத் தொட்டியடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். என் முகம் மட்டும்தான் இருந்தது. போய்விட்டாயா, மச்சான்? அல்லது கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறாயா? இரண்டில் எதை விரும்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று இத்தா வீட்டுக்கு மீன் கொண்டு போனேன். வாங்கும்போது உம்மு கேட்டாள்: "இத்தா முடிஞ்சதும் என்னை அந்த வாய்க்காலடிக்குக் கூட்டிப் போவீங்களா, காக்கா?"

"அப்ப தண்ணி வத்திரும் புள்ள. பாக்க ஒண்டும் இரிக்காது."

"அதுதான் வேணும்" என்றாள்.

கூட்டிப் போவேன், மச்சான். இது என் வாக்கு. தோணி தேவைப்படாது, வரம்பு வழியே நடந்து போவோம். வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். நீ மூழ்கிய இடத்தில் அவளும் நானும் கால் நனையாமல் நிற்போம்.

உம்முவை நீ கட்டுவதற்கு முன்பே உன்னை மச்சான் என்று கூப்பிட்ட,
அவளுடைய காக்கா அகமதுலெவ்வை