ஓரம் வெட்டிய பாண்

அண்ணை,

இன்று காலை எட்டரை மணிக்கு, மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, இந்த வீட்டில் இனிப் பாணின் ஓரம் வெட்டப்பட மாட்டாது என்ற தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை. கத்தியைக் கழுவி இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

சென் ஜேம்ஸ் ரவுணின் இந்தப் பத்தொன்பதாம் மாடியில் நாம் இருவரும் பதினொரு வருடம் வாடகையைப் பகிர்ந்து சேர்ந்திருந்தோம். கடைசிக் காலத்தில் பல் ஆடி, உங்களால் பாணின் ஓரத்தைக் கடிக்க முடியவில்லை; நான் வெட்டித் தருவேன். அந்த நேரம் பார்த்து, இந்த நாட்டின் தலைநகர் ஒட்டாவாவில் பெரும்பான்மை இல்லாத அரசு ஒன்று, கவிழாமல் இருப்பதற்காக இன்னொரு கட்சியின் நிபந்தனையை ஏற்று, பல் வைத்தியத் திட்டம் கொண்டுவந்தது. உங்கள் பல்லை நம்பி ஓர் அரசு நின்றது. நீங்கள் அதை நம்பவில்லை.

பல் வைத்தியரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"அங்கிள், மேல் பல்லு முழுக்கக் கழட்டவேணும். கொஞ்ச நாளில புதுச் செட் போடலாம்" என்றாள் அந்தப் பிள்ளை.

"அதுக்கிடையில ஆட்சி கவிழ்ந்தா?"

"கவிழ்ந்தாலும் பிளான் இருக்கும், அங்கிள்."

"இதைத்தான் பிள்ளை, எங்கட பாலத்துக்கும் சொன்னவங்கள்."

அவளுக்குப் பாலம் தெரியாது. ஊரில் உங்கள் தீவுக்கு ஓர் அமைச்சர் தொடக்கிய பாலத்தை, ஆட்சி மாறி வந்தவர் தூண்களோடு விட்டார். அந்தத் தூண்களைச் சுற்றிக்கொண்டு நீங்கள் வள்ளத்தில் கந்தோர் வேலைக்குப் போனீர்கள்.

அவள் நீட்டிய சம்மதப் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள். "பொக்கை வாயோட நம்பிக்கை வாக்கெடுப்புப் பார்க்கச் சொல்லுறியோ, தம்பி? ஆட்சி ஒருக்கா உறுதியாகட்டும். பிறகு முறுக்கே கடிப்பம்."

ஒவ்வொரு வாக்கெடுப்பையும் பாணைத் தேநீரில் தோய்த்தபடி பார்த்தீர்கள். பிரதமர் மாறினார். தேர்தல் வந்தது. திட்டம் அப்படியே இருந்தது. அரசு விழவே தேவையில்லை, அண்ணை. விழக்கூடும் என்ற பேச்சே அந்தத் திட்டம் உங்கள் வாய்க்குள் வராமல் நிறுத்தப் போதும்.

மூன்று வாரத்துக்கு முன் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். இதயம் என்றார்கள். ஆடிய பற்களும் உங்களுடனேயே போயின. வீட்டுக்கு வந்து நீங்கள் ஒட்டிய பத்திரம் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கையெழுத்தில்லாமல் இருக்கிறது.

இப்போது இந்த வீட்டில் எனக்குத் தனிப் பெரும்பான்மை. எந்தச் செய்தியைப் போட்டாலும் "உவனுக்கு என்ன தெரியும்" என்று ஒருவரும் கேட்பதில்லை. இவ்வளவு உறுதியான ஆட்சியை நான் எங்கும் கண்டதில்லை.

ஒன்பது மணிக்குத் தேநீர் போட்டேன். உங்கள் பக்கத் தட்டில் இரண்டு துண்டுப் பாண் இருக்கிறது. ஓரம் இல்லை.